சவிரிமுத்துவுக்குக் கொடுத்த பூசைகள்

பத்தியண்ணை ஆட்டீரல் வாங்கிக்கொண்டு வந்தால் யாரோடோ கோபம் என்று அர்த்தம். அந்தப் பனிக்காலம் முழுக்க அவர் வாராவாரம் ஈரல் வாங்கினார்.

ஈரல் வாங்குவது ஒரு மனிதனின் சொந்த விஷயம். ஆனால் அவருடைய தம்பி ஜெராட்டுக்கு இரத்தத்தில் இரும்பு கூடுகிற வருத்தம் என்று அந்த ஐப்பசியில்தான் கண்டுபிடித்திருந்தார்கள். சாப்பாட்டில் வருகிற இரும்பை உடம்பு வெளியே விடாது; ஈரலிலும் இருதயத்திலும் மூட்டுகளிலும் சேர்த்து வைக்கும். கவனியாமல் விட்டால் ஈரல் கல்லாகிப்போகும். நேரத்தோடு பிடித்தால் மருந்துகூட வேண்டாம், கிழமைக்கு ஒரு பை இரத்தத்தை எடுத்து வெளியே விட்டால் போதும். தாய் தகப்பன் இரண்டு பக்கத்தாலும் வந்தால்தான் பிடிக்கிற பரம்பரை வருத்தம் என்பதால், கூடப்பிறந்தவர்களும் கட்டாயம் சோதிக்க வேண்டும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார்.

கூடப்பிறந்தவர் என்று மிஞ்சியிருந்தது பத்தியண்ணை மட்டும்தான். அவருக்குச் சலரோகம், அந்தச் சீனி வருத்தம், இருந்தது. விரல் மூட்டுகள் வீங்கியிருந்தன. பின்னேரமானால் எழும்ப முடியாத சோர்வு. வெயிலே இல்லாத மாதத்திலும் கடற்கரையில் கிடந்துவிட்டு வந்தவர் மாதிரி ஒரு செம்பு நிறம். வைத்தியர் சொன்ன அடையாளங்களில் ஒன்றுகூடக் குறையவில்லை. அவர் சோதிக்க மாட்டேன் என்றார். இரும்பு நிறைந்த ஆட்டீரலை மிளகு போட்டுப் பிரட்டச் சொன்னார்.

எல்லாவற்றுக்கும் காரணம் அந்த வைத்தியர் கேட்ட ஒரு கேள்வி. ஜெராட் அதை என்னிடம் சொல்லிச் சிரித்தான். அவன் மொன்றியலின் ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடையில் பெட்டி தூக்குகிறவன். எதையும் சிரித்துத்தான் சொல்லுவான்.

"டொக்டர் என்ரை முகத்தைப் பாக்கிறார், கடுதாசியைப் பாக்கிறார். உங்கடை முன்னோர் அயர்லாந்தோ ஸ்கொட்லாந்தோ எண்டு கேக்கிறார். நான் சொன்னன், மன்னார், பேசாலை எண்டு. அது ஸ்கொட்லாந்திலை எந்தப் பக்கம் எண்டு கேட்டார் மனுசன்."

"பேந்து?"

"பேந்து என்ன. இந்த வருத்தம் அந்தப் பக்கத்து ஆக்களுக்குத்தான் வாறதாம். உங்களுக்கு வந்திருக்கு எண்டால் ஆரோ வந்து போயிருக்கினம் எண்டார். எனக்கு உடனை அப்பு ஞாபகம் வந்தார். வெறி ஏறினால் சொல்லுவாரெல்லே, நாங்கள் மக்கே துரையின்ரை ஆக்களடா எண்டு. முத்துக்குளிப்புக்கு வந்த நீராவிக் கப்பலிலை இஞ்சினியராம். அலெக்சாண்டர் மக்கே. ஊர் ஸ்கொட்லாந்திலை விக் எண்ட இடமாம். அப்பு குடிச்சால்தான் சரித்திரம் கதைக்கிறவர்."

தகப்பன் குடிக்காத நேரத்தில் குடும்பம் கதைத்த சரித்திரம் வேறு. அவர்களுடைய பூட்டன் யோசெப். யோசெப்பின் தாய் சிசிலி. தகப்பன் சவிரிமுத்து, வள்ளமும் வலையும் வைத்திருந்த சம்மாட்டி வீட்டுப் பிள்ளை. யோசெப் வயிற்றில் இருக்கும்போதே சிலாபத்துறைக் கடலில் மூழ்கித் தாண்டுபோனார். சிசிலி பேந்து கலியாணம் முடிக்காமல் பிள்ளையை வளர்த்தாள். சவிரிமுத்துவுக்கு ஒவ்வொரு மாசியிலும் பூசை கொடுப்பது அந்தக் குடும்பத்து வழக்கம். பேசாலையில் கொடுத்தார்கள், இடம்பெயர்ந்து மடுவில் இருந்தபோது கொடுத்தார்கள், மொன்றியலிலும் கொடுத்தார்கள்.

யோசெப்பின் மகனுடைய மகன்தான் பத்தியண்ணையின் தகப்பன். யோசெப்பின் மகளுடைய மகள்தான் தாய். மச்சானும் மச்சாளும். இரத்தம் வெளியே போகக் கூடாது என்று பார்த்துப் பார்த்து உள்ளுக்குள்ளேயே முடித்த கலியாணம்.

"உள்ளுக்கை இருந்தவன் வெள்ளைக்காரன் எண்டு தெரியாமல் பூட்டி வைச்சிட்டினம்" என்றான் ஜெராட்.

பத்தியண்ணைக்கு இது சிரிப்பு அல்ல. அவர் எங்கள் பக்கத்துத் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்குக் குடும்பக் கிளை பார்க்கிறவர். கலியாணம் பேசுகிறவர்கள் அவரைத்தான் முதலில் தேடிவருவார்கள். மாப்பிள்ளையின் சம்பளம், படிப்பு எதையும் கேட்கமாட்டார். "அதுகளைப் பொடியனே சொல்லுவான்" என்பார். அவர் கேட்பது இறந்தவர்களைப் பற்றி. ஞானத்தாய் தகப்பனாக யார் நின்றது, சாவீட்டில் யார் சிலுவை பிடித்தது, புதைத்த சவக்காலை எங்கே. பதில் தடுமாறினால் செருமுவார். அந்தச் செருமலில் சம்பந்தம் முறியும். றொஷினி என்ற பிள்ளைக்கு வந்த நல்ல பொருத்தம் ஒன்று அப்படி முறிந்ததை அவளுடைய தகப்பன் இன்றும் மறக்கவில்லை. கோயிலில் சமாதானம் சொல்லும் நேரத்தில் பத்தியண்ணைக்கு மட்டும் கை கொடுப்பதில்லை.

இப்படிப்பட்ட மனிதன் எந்த முகத்தோடு போய்த் தன்னிடம் ஸ்கொட்லாந்து இரத்தம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுவார்?

நான் இதற்குள் மாட்டியது என் குற்றம். பத்தியண்ணையும் நானும் புவாண்ட்-கிளேரில் ஒரே கிடங்கில் வேலை. குளியலறைக் குழாய்களும் சிங்குகளும் அடுக்குகிற இடம். இரண்டு பேரும் லவாலில் பக்கத்துப் பக்கத்துத் தெரு என்பதால் நான் ஓட்டுகிற வானில் ஒன்றாகப் போய்வருவோம். ஒருமுறை கிடங்கில் பிரின்டர் வேலை செய்யாமல் கிடந்தபோது நான் அதன் வயரைச் செருகினேன். அன்றிலிருந்து எனக்குக் கொம்பியூட்டர் தெரியும் என்று ஒரு பேச்சு. அதை மறுக்கும் நேர்மை எனக்கு இருந்திருந்தால் இந்தக் கதை இல்லை.

செலீனக்கா, பத்தியண்ணையின் மனைவி, ஒருநாள் எங்கள் வீட்டுக்கு மீன் கட்லெட்டோடு வந்தார். கட்லெட்டைக் கண்டதும் நான் யோசித்திருக்க வேண்டும்.

"தம்பி, ஸ்கொட்லாந்திலை பிறப்பு, இறப்பு, கலியாணம் எல்லாம் பழசு பழசாய்க் கொம்பியூட்டரிலை பாக்கலாமாமே."

"பாக்கலாம் போலை இருக்கு அக்கா."

"அந்த மக்கே சிசிலியை முடிச்சவன் எண்டு ஒரு கடுதாசி கிடைச்சால் போதும். இவருக்கு வெள்ளைக்காரன் பிரச்சினை இல்லை. கலியாணம் இல்லாததுதான் பிரச்சினை. கலியாணம் எண்டு காட்டினால் ஆளை நான் சோதனைக்குக் கூட்டிக்கொண்டு போயிடுவன்."

"அண்ணைக்குத் தெரியாமல், கொலஸ்ட்ரோல் பாக்கிறம் எண்டு சொல்லி இரத்தத்தை எடுக்க ஏலாதோ?"

"அதுக்குப் பயந்து இப்ப சீனிச் சோதனைக்கும் போறாரில்லை." கட்லெட் தட்டை என் பக்கம் தள்ளினார். "ரா முழுக்கக் கையைப் பொத்திப் பொத்தி விரிக்கிறார் தம்பி. நோகுதோ எண்டு கேட்டால் செபமாலை சொல்லுறனாம்."

அதற்குமேல் நான் என்ன சொல்ல முடியும். தொடங்கினேன்.

ஸ்கொட்லாந்துக்காரர் எழுதி வைப்பதில் கெட்டிக்காரர். பெயர் வைப்பதில் படுமோசம். மூத்த மகனுக்குத் தகப்பனுடைய தகப்பன் பெயர், இரண்டாம் மகனுக்குத் தாயினுடைய தகப்பன் பெயர். ஒரு கிராமத்தில் ஒரு அலெக்சாண்டர் இருந்தால் இரண்டு தலைமுறையில் ஊரே அலெக்சாண்டர். வடக்குப் பக்கம் முழுக்க மக்கே. நான் தட்டிய தட்டுக்கு அலெக்சாண்டர் மக்கேமார் வந்து வரிசையில் நின்றார்கள். பிள்ளையிலேயே இறந்த அலெக்சாண்டர், ஆடு மேய்த்த அலெக்சாண்டர், கனடாவுக்கே வந்து சேர்ந்த அலெக்சாண்டர். கையெழுத்து கோழி கிளறியது மாதிரி. ஒவ்வொரு பக்கத்தைத் திறக்கவும் வங்கி அட்டையில் கொஞ்சம் போகும். திறந்தால் அது வேறொருவருடைய மாமியாரின் இறப்பு.

என் மனைவி புஷ்பராணி பின்னால் வந்து நின்று பார்த்தாள். "இது ஆர்?"

"விக் பக்கத்திலை ஒரு கொல்லன்."

"உங்கடை அப்பப்பாவின்ரை பேர் என்ன?"

எனக்கு உடனே வரவில்லை. அவள் லைட்டை அணைத்துவிட்டுப் போனாள்.

சிசிலிக்கும் மக்கேக்கும் கலியாணம் எங்கும் இல்லை. ஆனால் அந்த நாட்டுப் பழைய சட்டத்தில் ஒரு வழி கண்டேன். இரண்டு பேர் புருஷன் பெண்சாதியாக வாழ்ந்து, ஊரும் அப்படியே ஏற்றுக்கொண்டால், கோயிலும் வேண்டாம் குருவும் வேண்டாம், அது கலியாணம்தான். பெரிய சட்டத்தரணியாகி வானில் இதைப் பத்தியண்ணையிடம் அவிழ்த்தேன். வெளியே பனி, நெடுஞ்சாலையில் முன்னால் போன உப்பு லொறி எங்கள் கண்ணாடியில் உப்பை வீசிக்கொண்டிருந்தது.

"மன்னார் ஸ்கொட்லாந்திலையோ இருக்கு?" என்றார்.

"இல்லை."

"அப்ப வாயை மூடிக்கொண்டு ஓடு." கொஞ்சத் தூரம் போனபின் கேட்டார், "எத்தினை பேர் அகப்பட்டவங்கள்?"

"ஆர், அண்ணை?"

"உந்த மக்கேமார்தான். செலீன் கட்லெட் கொண்டு போனது எனக்குத் தெரியாதெண்டோ நினைச்சனி?"

"கழிச்சுக் கழிச்சு இப்ப ஏழு பேரிலை வந்து நிக்குது."

"ஏழு பேரையும் விசாரிச்சனியோ?"

"விசாரிக்கிறதெண்டால்?"

அவர் செருமினார். "ஒருத்தன் எங்கடை வீட்டிலை கை நனைச்சவன் எண்டு சொல்லுறாய். அவன் ஆர், என்ன கிளை எண்டு பாக்காமல் கலியாணச் சட்டம் கதைக்கிறாய். உன்னைப் போலை ஆக்களாலைதான் பெட்டையள் சீரழியிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய வா. உந்தக் கொம்பியூட்டர் பெட்டியையும் கொண்டு வா."

இதை நான் வெற்றி என்று நினைத்தேன். மனிதன் இறங்கிவிட்டார் என்று செலீனக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். பத்தியண்ணை நினைத்தது வேறு என்று எனக்குப் புரிய இரண்டு ஞாயிறு எடுத்தது. அவர் மக்கேயை மாப்பிள்ளையாக விசாரித்தார். குறை ஒன்று கண்டுபிடித்தால் சம்பந்தத்தைத் தட்டிவிடலாம். சம்பந்தம் தட்டிப்போனால் இரத்தம் இல்லை. இரத்தம் இல்லையென்றால் சோதனை இல்லை. நூற்றிருபத்தைந்து வருஷம் பிந்தி மாப்பிள்ளையைத் திருப்பி அனுப்பப் பார்த்தார்.

ஆனால் வேலை தெரிந்த மனிதன். நான் இரண்டு மாதம் தடவிக்கொண்டிருந்ததை அவர் கதிரையில் சாய்ந்திருந்தே பிரித்தார்.

"பிறப்பைப் பாக்காதை. பிறக்கேக்கை எல்லாரும் ஒண்டுதான். கலியாணத்தைப் பார். வேலை சொல்லியிருப்பான்."

பார்த்தோம். ஏழு பேரில் ஒருவன் 1890இல் லீத் துறைமுகத்தில் ஒரு வெள்ளைக்காரியை முடித்திருந்தான். தொழில் கப்பல் இஞ்சினியர், இலங்கை அரசாங்கம். செலீனக்கா சிலுவை போட்டார்.

"ஆகத் துள்ளாதை" என்றார் பத்தியண்ணை. "தகப்பன் பேர் என்னவாம்?"

"ஜோன் மக்கே. மீனவர். காலமாகிவிட்டார்."

"தாய்?"

"எலிசபெத் மக்கே."

"ம். இனிப் பிறப்பை எடு."

அன்று ஜெராட்டும் வந்திருந்தான். இரத்தம் விட்ட களைப்போடு, சந்தையில் மிஞ்சிய கறிமிளகாய்ப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு. அடுப்பில் விளைமீன் சொதி கொதித்தது. ஈரலும் ஒரு சட்டியில் இருந்தது. பிறப்புப் பதிவு திறந்தது. பெயருக்குக் கீழே, அதே கையெழுத்தில், முறையற்ற பிறப்பு என்று பொருள்படும் ஒற்றைச் சொல். தகப்பன் என்ற இடம் வெறுமை. தாய் எலிசபெத் மக்கே, பண்ணை வேலைக்காரி.

நான் வாசித்துச் சொன்னதும் பத்தியண்ணை மேசையில் தட்டினார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் முகத்தில் சந்தோஷம் கண்டோம்.

"பாத்தியோ? மக்கே எண்டது தாயின்ரை பேர். தகப்பன் எண்டு ஒருத்தன் இல்லை. கலியாணத்துக்குப் போகேக்கை ஒரு ஜோன் மக்கேயைச் செய்துகொண்டு போயிருக்கிறான். எங்கடை ஆக்கள் இப்பிடியான இடத்திலை கலியாணம் செய்யமாட்டினம். முடிஞ்சுது கதை."

"அந்த ஜோன் உண்மையாய் இருந்திருக்கலாம்தானே அண்ணை" என்றேன். தோற்றவன் குரல். "மீன் பிடிக்கப் போய்ச் செத்திருக்கலாம்."

"டேய் யோகேந்திரன், உனக்கு இந்த வேலை சரிவராது." அவர் எனக்குப் பாடம் எடுக்கிற உற்சாகத்தில் இருந்தார். "ஊர் உலகத்திலை எல்லாரும் செய்யிற வேலை இது. தகப்பன் இல்லாத பிள்ளைக்கு ஒரு தகப்பனைச் செய்யிறது. செய்திட்டு அவனைக் காச்சலிலை சாகவிட ஏலாது. காச்சலிலை செத்தால் சவக்காலை காட்ட வேணும், சிலுவை பிடிச்சவன் ஆர் எண்டு சொல்ல வேணும். அதாலை கடலிலை தாட்டு விடுவினம். கடலிலை தாண்டவனுக்குக் குழி இல்லை, கல்லில்லை, கேள்வியில்லை. எத்தினை கலியாணத்திலை நான் இதைப் பிடிச்சிருக்கிறன். தகப்பன் கடலிலை போனவர் எண்டு ஒருத்தன் சொன்னால் எனக்கு உடனை..."

செருமப் போனவர் செருமவில்லை.

சொதிச் சட்டியில் செலீனக்காவின் அகப்பை நின்றது. நான் கொம்பியூட்டரைப் பார்த்தேன். அதில் பார்க்க ஒன்றுமில்லை.

ஜெராட் சிரிக்காமல் பேசியதை அன்றுதான் கேட்டேன்.

"அண்ணை, எங்கடை சவிரிமுத்துவின்ரை சவக்காலை எங்கை?"

பத்தியண்ணை எழும்பினார். கதிரை பின்னால் விழுந்தது. "வெளியிலை போ" என்றார். யாரைச் சொன்னார் என்று கேட்க யாரும் நிற்கவில்லை. ஜெராட் கறிமிளகாய்ப் பெட்டியை வாசலில் வைத்துவிட்டுப் போனான். நான் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். சொதி குடிக்கக் கிடைக்கவில்லை என்ற கவலை எனக்குத் தெருமுனையில்தான் வந்தது. அவ்வளவு கலக்கம்.

அதன் பிறகு அவர் தம்பியோடு கதைக்கவில்லை. என்னோடு வானில் வந்தார், கதைக்கவில்லை. மாசி வந்தது, சவிரிமுத்துவுக்குப் பூசை கொடுக்கும் நாள் ஒன்றும் நடக்காமல் கடந்துபோனது. செலீனக்கா என்னைக் கண்டால் தலையை மட்டும் ஆட்டினார். நான் கெடுத்த அளவுக்கு அந்த வீட்டை இரும்புகூடக் கெடுக்கவில்லை என்று எனக்குத் தோன்றியது. ஒருநாள் கிடங்கில், முழங்கை உயரத்தில் வைக்க வேண்டிய சிங்க் ஒன்று அவர் கையிலிருந்து நழுவிச் சில்லுச் சில்லாய்ப் போனது. மேற்பார்வையாளன் பிரெஞ்சில் ஏதோ சொன்னான். பத்தியண்ணை தன் விரல்களை வேறு யாருடைய விரல்களோ போலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தச் சித்திரையில் லவாலுக்கு மெற்றோ ஓடத் தொடங்கியது. முதல் நாட்களில் சும்மா ஏறி இறங்கச் சனம் அள்ளுப்பட்டது. எங்களுக்கு அதனால் பயன் இல்லை. புவாண்ட்-கிளேர் வேறு திசை. ஒரு காலை, வான் அந்த ஸ்டேஷனைத் தாண்டும்போது அவர் வாய் திறந்தார்.

"வருசாவருசம் பூசை குடுத்தம். நூறு பூசைக்கு மேலை வரும். அதெல்லாம் ஆருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்?"

சைவக்காரனிடம் கேட்கிற கேள்வியா. ஆனால் பல கிழமைக்குப் பிறகு கேட்ட குரல், விட மனமில்லை. "கப்பல் இஞ்சினியருக்குப் போயிருக்கும் அண்ணை."

"அவன் வேதம் வேறை. போகாது."

வாகனங்கள் ஊர்ந்தன. ஓரத்துப் பனி கறுத்து, உருகி, போத்தல்களும் கையுறைகளும் வெளியே தெரிந்தன.

"சிசிலி என்ன கெட்டிக்காரி எண்டு பார்" என்றார் பத்தியண்ணை. "சம்மாட்டி வீட்டுப் பிள்ளையாய்ச் செய்திருக்கிறாள். சும்மா கூலிக்காரனாய்ச் செய்யேல்லை. பேர், குணம், சாகிற நாள் எல்லாம் குடுத்து. என்ரை அப்பு அவரைப் போலை நடக்க வேணும் எண்டு எங்களுக்கு அடிச்சவர். இவ்வளவு காலம் நிண்டு பிடிச்ச மனுசன். இரத்தம் குடுத்தால் அவரைச் சாக்காட்டினது நான் எண்டாகும்."

"அண்ணை..."

"நீ கதையாதை. உன்ரை வாயாலைதான் எல்லாம்." பிறகு, "ஜெராட் போற ஆஸ்பத்திரி எந்தப் பக்கம்?"

அன்று இரண்டு பேரும் வேலைக்குப் போகவில்லை. கிடங்குக்குத் தொலைபேசி எடுத்து எனக்கு வயிற்றோட்டம் என்று சொன்னார். என் வயிற்றைத்தான் சொன்னார், தன்னுடையதை அல்ல.

சோதனை முடிவு சில கிழமையில் வந்தது. இரும்பு ஜெராட்டுக்கு இருந்ததிலும் கூட. ஈரல் வீங்கியிருக்கிறது, இன்னும் கல்லாகவில்லை. ஒரு வருஷம் பிந்தியிருந்தால் என்று வைத்தியர் தொடங்கி, முடிக்காமல் விட்டார். செலீனக்கா மொழிபெயர்ப்பைக் கேட்காமலே அழுதார்.

முதல் இரத்தம் விடுகிற நாள் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். நீளமான அறை, சாய்கிற கதிரைகள். நடுவில் இருந்த இரண்டில் ஒன்று காலி. மற்றதில் ஜெராட், கையில் ஊசியோடு. அது அவனுடைய கிழமை என்று எனக்குத் தெரியாது; செலீனக்காவுக்குத் தெரிந்திருக்கலாம். தாதி "பொன்ஜூர்" சொல்லிப் பத்தியண்ணையைக் காலிக் கதிரையில் இருத்தினாள். அண்ணனும் தம்பியும் எதிர்ச் சுவரில் இருந்த தீ அணைக்கும் உருளையைக் கவனமாகப் பார்த்தார்கள். இரண்டு குழாய்களிலும் ஒரே கடுஞ்சிவப்பு இறங்கியது. நான் இரத்தம் கண்டால் மயங்குகிறவன் என்பதால் நானும் அந்த உருளையைத்தான் பார்த்தேன்.

பைகள் நிறைந்தன. தாதி பஞ்சு வைத்து ஒட்டினாள். பத்தியண்ணை வெளிறிப்போயிருந்தார்; அந்தச் செம்பு நிறத்துக்குக் கீழே வேறு ஒரு மனிதன் இருந்தான். தாதி ஒரு கடதாசிக் கோப்பையில் தோடம்பழச் சாறு ஊற்றி அவர் கையில் கொடுத்தாள். அவர் "மெர்சி" என்று வாங்கி வாயருகே கொண்டுபோனார்.

"அதைக் குடியாதேங்கோ அண்ணை" என்றான் ஜெராட், உருளையைப் பார்த்தபடியே. "புளிப்பு இரும்பை இழுக்கும். எங்களுக்குக் கூடாது."

பத்தியண்ணை கோப்பையைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். செருமினார். பிறகு என் பக்கம் நீட்டினார்.

வாங்கிக் குடித்தேன். எனக்கு ஒன்றும் செய்யாது.